பாலம் வருது, தோன்

"பாலம் வருது, தோன். பயப்படாம அம்மா கூடவே வா."

லமாய் இதைச் சொன்னது பக்கத்திலிருந்த காலி இருக்கையைப் பார்த்து. பத்தலுங் நிலையத்தில் கோழி வறுவல் பொட்டலத்தோடு ஏறிய ரச்சனி, அந்த ஜன்னலோர இடத்தில் உட்காரப் போனவள், நெருப்பைத் தொட்டவள் போல நிமிர்ந்துகொண்டாள்.

அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வெளியூரில் செத்தவரின் ஆவியை வீட்டுக்குக் கூட்டிப் போகிறவர்கள், வழியில் வரும் ஒவ்வொரு பாலத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டாலும் ஆவிக்குத் தண்ணீரைத் தாண்டத் தெரியாது. அந்தக் கரையிலேயே நின்றுவிடும்.

காலி இருக்கையைக் கும்பிட்டுவிட்டு ரச்சனி எதிரில் உட்கார்ந்தாள். ஆனால் வாயை மூடிக்கொண்டு பயணம் செய்கிற பிறவி இல்லை அவள்.

"பையனாக்கா?"

"ஒரே பையன். இருபத்தாறு வயசு."

"எல்லைக்கு அந்தப் பக்கமா?"

லமாய் தலையசைத்தாள்.

"என் நாத்தனார் பையனும் அங்கதான் வேலை பாக்கறான். போன் அடிச்சாலே அவ பதறி எந்திரிக்கறா." ரச்சனி குரலைத் தாழ்த்தினாள். "ஏன்க்கா, இந்த வயசுல ரெண்டு நாள் ரயில்ல இடிபடணுமா? ஹாட்யாய்ல விமானம் ஏறியிருந்தா இந்நேரம் வீட்டுக்கே போயிருக்கலாமே."

"விமானத்துல பாலம் எங்க வரும்? அவன் போனதே விமானத்துலதான். தரை வழி தெரியாது. 'நீ ரயில்ல முன்னால போம்மா, வழி சொல்லிக்கிட்டே போ, நான் வந்துடறேன்'னு சொன்னான்."

"கனவுலயா? எங்க மாமனாரும் அப்படித்தான் வந்து நின்னாரு. எம் பல்செட்டு எங்கடின்னு கேட்டாரு."

லமாய் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே ரப்பர் மரங்கள் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். லமாய் நீட்டிய இரண்டு டிக்கெட்டுகளையும் பார்த்தார், இருக்கையைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். இரண்டிலும் ஓட்டை போட்டு, ஒன்றை அந்த இருக்கை மேலேயே வைத்தார்.

"பத்திரமா போப்பா" என்றார்.

அதுவரை கல்லாக இருந்த லமாய்க்கு அப்போதுதான் கண் நிறைந்தது. அழுகையோடு சேர்ந்து அசதியும் வந்தது. தலை சரிவதும், பதறி நிமிர்வதுமாக இருந்தாள்.

"கொஞ்சம் தூங்குங்கக்கா."

"நான் தூங்கிட்டா யாரு சொல்றது?"

"நான் சொல்றேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுப் பாருங்க, என் வாய்க்கு ஓய்வே கிடையாதும்பாரு."

லமாய் தயங்கினாள். பிறகு இருக்கையைப் பார்த்து, "தோன், இனிமே அத்தை சொல்லுவாங்க. அவங்க பேச்சக் கேட்டு வா" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

வாய்ப்பேச்சுக்காரி, வேலையில் குறை வைக்கவில்லை. "சின்ன ஓடைதான் தோன், ஒரே தாண்டு." "இது பெரிய ஆறு, கம்பியப் பிடிச்சுக்கடா கண்ணு." தன் பொட்டலத்திலிருந்து ஒரு கோழித் துண்டைக்கூட அவனுக்கு எடுத்து வைத்தாள்.

துங் சோங் நிலையம் தாண்டியதும் மாங்காய் விற்கிறவள் வந்தாள். ஒரு காய் அழுகல். ரச்சனி விடுவாளா? பேச்சு முற்றி, காய் மாறி, உப்பு மிளகாய்ப் பொடி கைக்கு வந்தபோது காலுக்கடியில் தடதடவென்று இரும்புச் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதற்குள் ஆறு பின்னால் போய்விட்டது.

அந்தச் சத்தத்தில் லமாய் விழித்துக்கொண்டாள்.

"பாலம்தானே? சொன்னியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். அந்த முகத்தைப் பார்த்து ரச்சனியால் அதைச் சொல்ல முடியவில்லை.

"அக்கா... மாங்கா வாங்கிட்டிருந்தேன்."

லமாய் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ரச்சனிக்குத் தேவலையாக இருந்திருக்கும். எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இருக்கையிலிருந்த டிக்கெட்டை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பிப் போறேன். இல்லேன்னா அந்தக் கரையிலேயே நின்னுடுவான்."

"நானும் வரேன்க்கா. நான் பண்ணின பாவம்." ரச்சனி விம்மிக்கொண்டே பின்னால் ஓடினாள்.

வண்டி வேகம் குறைந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பரிசோதகர் வாசலில் குறுக்கே நின்றார்.

"இறங்காதீங்கம்மா, மழை வேற. இந்த ஸ்டேஷன்ல இனி நாளைக்குத்தான் வண்டி. ஊருக்குப் போய் பிக்குகிட்டச் சொல்லுங்க, அவர் மந்திரம் சொல்லிக் கூப்பிட்டுக் குடுப்பாரு. செத்துப் போன பிள்ளைக்கு இனிமே என்னம்மா அவசரம்?"

லமாய் அவர் கையை மெல்ல விலக்கினாள்.

"அவன் இன்னும் சாகலைய்யா. நாளன்னிக்கு விடியக்காலைலதான் தூக்கு."