நாலே முக்கால் அடி

"நாலே முக்கால் அடிதாங்க இருக்கு. ஆளு நிக்க முடியாது."

டேப்பைச் சுருட்டியபடி சொன்னான் இன்ஜினியர் அரவிந்த்குமார். கால் மணி நேரம் குனிந்தே அளந்ததில் அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டிருந்தது.

கறம்பக்குடி கடைவீதியில் இருக்கும் ஜவுளிக்கடையின் பரண் அது. இத்தனை நாளும் தீபாவளிச் சரக்கைப் போட்டு வைத்திருந்தார்கள். அதை அறையாக மாற்ற வேண்டும் என்று முதலாளி சோலையப்பன் கூப்பிட்டிருந்தார்.

"சரக்கு வைக்கத்தானேங்க? இது போதும்."

"சரக்கு கீழ குடோனுக்குப் போயிரும் தம்பி. இது நம்ம கடைப் பொண்ணுங்களுக்கு. மத்தியானம் சாப்பிட, செத்த நேரம் ஒக்கார."

அரவிந்த்குமார் கஞ்ச முதலாளிகள் பலரைப் பார்த்தவன். பன்னிரண்டு பெண்களைப் பரணில் ஏற்றிக் குனிய வைக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறான். இருந்தாலும் தொழில் என்று ஒன்று இருக்கிறதே.

"ஒரு வழி இருக்குங்க. இந்தப் பலகையெல்லாம் இரும்புச் சட்டத்து மேலதான் நிக்குது. அதை ஒன்றரை அடி கீழ எறக்கிட்டா இங்க ஆறேகால் அடி கெடைச்சிரும். கீழ கடைக்கும் தாராளமா ஒசரம் இருக்கும். செலவு பெருசா கூடாது."

"வேணாம்."

"நடுவுல மட்டுமாச்சும் எறக்குவோமே..."

"நடுவுலயும் வேணாம் தம்பி. ஜன்னல் ரெண்டு வைங்க. செவுத்துல ஃபேன் மாட்டுங்க. ஏணிய எடுத்துட்டு, கைப்பிடி வச்சுத் தாழ்வான படியாப் போடுங்க. ஒசரத்துல மட்டும் கை வைக்காதீங்க."

அரவிந்த்குமாருக்குச் சுருக்கென்றது. "யாராச்சும் ஒருத்தரக் கூப்பிட்டு நிக்கச் சொல்லிப் பாருங்க. அப்பத் தெரியும்."

சோலையப்பன் கீழே எட்டிப் பார்த்தார். "செவந்தி, செத்த இங்கிட்டு ஏறி வாம்மா."

செவந்தி பன்னிரண்டு வருஷமாகப் புடவை செக்‌ஷனில் நிற்பவள். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதால் பட்டைத்துணி சுற்றியிருந்தாள். ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். முதலாளி சொன்னாரே என்று நிமிரப் பார்த்தாள். உச்சந்தலை மேலே இடித்தது.

"நிமிர முடியலல்ல?" என்று கேட்டார் சோலையப்பன்.

"முடியலீங்க மொதலாளி."

"அப்ப சரியா இருக்கு."

மனுஷனா இவர் என்று அரவிந்த்குமாருக்குத் தோன்றியது. வாயைத் திறந்தால் தப்பாக ஏதாவது வந்துவிடும் என்று கீழே இறங்கிவிட்டான். செவந்தி பின்னாலேயே வந்தாள்.

"சார், நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க சார். அந்தக் குடோன்லதான் சாப்புடுற நேரத்துல கால நீட்டுறேன். ஒழுங்கா ஒக்காரலேன்னா கால்ல ஆபரேசன்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. பரண்ல ஏத்திட்டா நான் வேலைய விட்டு நின்னுக்க வேண்டியதுதான். ரெண்டு புள்ளைங்க படிக்குதுங்க."

அதற்கு மேல் அவனுக்குப் பொறுக்கவில்லை. முதலாளி இறங்கி வந்து கல்லாவில் உட்காரும்வரை காத்திருந்தான்.

"ஐயா, இந்த வேலைய நான் எடுக்கலீங்க. வேற ஆளப் பாத்துக்கங்க. மனுசங்களுக்கு ஆட்டுக்கொட்டாய் கட்டுறதுக்கு நான் படிக்கல."

கடையே திரும்பிப் பார்த்தது. சோலையப்பனுக்குக் கோபம் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை.

"வேலைய எடுக்க வேணாம் தம்பி. எங்கூட ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

குடோனுக்குக் கூட்டிப் போனார். முதல் பந்திக்கு வந்த ஆறு பெண்கள் துணிக்கட்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சோலையப்பன் தலை தெரிந்ததுதான் தாமதம். டிபன் பாக்ஸும் சோற்றுக் கையுமாக ஆறு பேரும் எழுந்துவிட்டார்கள். செவந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒக்காந்து சாப்பிடுங்கம்மா."

"இருக்கட்டுங்க மொதலாளி."

ஒருத்தியும் உட்காரவில்லை. அவர் வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது.

"பாத்தீங்களா? சரக்கு எடுக்க நானும் மேனேஜரும் ஒரு மணி நேரத்துல பத்துத் தடவ உள்ள வருவோம். பத்துத் தடவையும் எந்திரிப்பாங்க."

"எந்திரிக்க வேணாம்னு சொல்லலாம்லங்க?"

"சொல்லிப் பாத்துட்டேன். எழுதியே ஒட்டிப் பாத்துட்டேன். செக்‌ஷனுக்கு ரெண்டு நாற்காலி வாங்கிப் போட்டேன். இப்ப அதுல துணிக்கட்டுதான் ஒக்காந்திருக்கு."

அரவிந்த்குமார் கடைப்பக்கம் திரும்பி அந்த நாற்காலிகளைப் பார்த்தான்.

"அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. திருச்சியில ஒரு ஜவுளிக்கடையில நானும் பதினோரு வருசம் இப்புடி எந்திரிச்சவன்தான். பயம்னு கூட இல்ல தம்பி. மொதலாளியக் கண்டா காலு தானா எந்திரிச்சிரும். மேல ஆறடி ஒசரம் வச்சா அங்கயும் எந்திரிப்பாங்க."

சோலையப்பன் சாத்திய கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அதனாலதான் எந்திரிக்கவே முடியாத ரூமா ஒன்னு கேக்குறேன். மொதலாளியே ஏறி வந்தாலும், அவனும் குனிஞ்சு உள்ள வந்து அவங்களோட தரையில ஒக்காந்துதான் பேசணும்."