நாற்பத்திரண்டும் விற்பனைக்கு இல்லை

"விக்கக் கூடாது! என்ன விலை குடுத்தாலும் விக்கக் கூடாது!"

மேடையில் பேசிக்கொண்டிருந்த தலைவர் கப்பென்று வாயை மூடிக்கொண்டார். ஷின்ச்சு நகரத்தில் அந்தச் சின்ன கம்பெனியின் பங்குதாரர் கூட்டம். மூன்றாம் வரிசையில் எழுந்து நின்றது பெங் அம்மா. அறுபது வயது. காலடியில் சக்கரம் வைத்த காய்கறிப் பை.

கம்பெனியின் மொத்தச் சொத்தே நாற்பத்திரண்டு வயர்லெஸ் காப்புரிமைகள்தான். அத்தனையையும் ஒரு பெரிய போன் கம்பெனி விலைக்குக் கேட்டது. கொடுத்துவிட்டு, வந்ததைப் பிரித்துக்கொண்டு, கம்பெனியை மூடிவிடலாம் என்பது தலைவரின் யோசனை.

பக்கத்து நாற்காலியில் லியாவ். அவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஓய்வு பெற்ற தபால்காரர். சேமிப்பு முழுவதையும் இதில்தான் போட்டிருந்தார். போதாததற்கு, கூட வேலை பார்த்த பதினெட்டுப் பேரும் தங்கள் ஓட்டை அவரிடமே ஒப்படைத்திருந்தார்கள்.

"உக்காருங்கம்மா. கைக்கு எட்டினதை வாய்க்கு எட்டாம பண்ணிடாதீங்க. ஆறு வருஷத்துல காப்புரிமை காலாவதி. அப்புறம் எவன் சீந்துவான்?"

"ஆறு வருஷம் இருக்குல்ல? வீடு இருந்தா விப்பீங்களா, வாடகைக்கு விடுவீங்களா?"

"வீடும் இதுவும் ஒண்ணா? இது சிக்னல்மா!"

"சிக்னல்தான். நம்ம சரக்கு இல்லைன்னா லிஃப்டுக்குள்ள போனதும் அவன் போன் ஊமை. விக்கிற ஒவ்வொரு போனுக்கும் உரிமத்தொகை வைக்கட்டும்."

"வைக்காம கோர்ட்டுக்குப் போனா?"

"ஜெயிக்கிறவன் எதுக்கு விலைக்குக் கேக்கிறான்? பயந்தவன்தான் கேப்பான். ஏங்க, ஒரு தடவை கிடைக்கிறது பெருசா, வருஷா வருஷம் கைக்கு வர்றது பெருசா?"

அரங்கம் கைதட்டியது. லியாவ் மனக்கணக்குப் போட்டார். இவ்வளவு அடித்துப் பேசுகிறாளே, குறைந்தது லட்சம் பங்காவது வைத்திருப்பாள். அவளே பயப்படவில்லை, நமக்கென்ன? தன் சீட்டிலும் நண்பர்களின் பதினெட்டுச் சீட்டிலும் 'வேண்டாம்' என்று குறித்துப் பெட்டியில் போட்டார்.

மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவை. விற்பனை மயிரிழையில் தோற்றது.

வெளியே, கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு வழக்கமான நினைவுப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் முதல் ஆளாக நின்ற பெங் அம்மாவை லியாவ் ஓடிப்போய்ப் பிடித்தார்.

"அக்கா, உங்களை நம்பி என் ஓட்டோட பதினெட்டுப் பேர் ஓட்டையும் போட்டிருக்கேன். உங்களுக்கு எத்தனை பங்கு?"

"ஒண்ணு."

"ஒரு லட்சமா?"

"ஒண்ணே ஒண்ணு. நேர்ல வந்தா அதுக்கே பரிசு உண்டே!"

பளபளக்கும் எவர்சில்வர் டிபன் டப்பாவை வாங்கிப் பையைத் திறந்தாள். உள்ளே துண்டு, குடை, சோப்பு, அரிசிப் பொட்டலம், ஒவ்வொன்றிலும் ஒரு கம்பெனியின் பெயர்.

"நீங்களே சொல்லுங்க, கம்பெனியை மூடிட்டா அடுத்த வருஷம் எனக்கு டப்பா யாரு தருவா?"