சகலை வீட்டுல தூசியே இல்ல

"என் தங்கச்சி வீட்டுப் பட்டறையைப் போய்ப் பாருங்க. தரையில சோத்தைப் போட்டுச் சாப்பிடலாம்."

"அப்ப அங்கேயே போய்ச் சாப்பிடு!"

சம்சாரத்தைப் பார்த்து டிரைவர் கத்தின கத்துல மீசையில இருந்த மரத்தூள் உதிர்ந்துச்சு.

பஸ் ஓட்டி ரிட்டையர் ஆன மனுஷன். கார் ஷெட்டுல சின்னதா பட்டறை போட்டு, பிறந்த பேரப்பிள்ளைக்கு மரத்தொட்டில் செஞ்சுக்கிட்டிருக்கார். நல்ல காரியம்தான், யார் இல்லைன்னா? ஆனா மரம் அறுக்கிற மிஷினைப் போட்டா ஷெட்டு முழுக்கத் தூசி, பக்கத்து ரூம் முழுக்கத் தூசி, சம்சாரம் ஆற வச்ச பாலுலயும் தூசி.

"ஞாயித்துக்கிழமை பொண்ணு கைக்குழந்தையோட வர்றா. அதுக்குள்ள தூசி நிக்கணும். இல்லைன்னா உங்க மிஷின் பழைய இரும்புக் கடைக்குப் போயிடும். தொட்டிலைக் கடையில வாங்கிக்கலாம்."

கடைத் தொட்டில்! டிரைவருக்குச் சுருக்குன்னு குத்துச்சு. சட்டம் எல்லாம் அறுத்து இழைச்சாச்சு, காலு மட்டும்தான் பாக்கி.

தூசி பிடிக்கிற மிஷின் வாங்கலாமேன்னா, அந்த விலைக்குத் தொட்டில் கடையே வைக்கலாம். பக்கத்துத் தெரு சகலை, கதவு ஜன்னலைத் தேய்ச்சுப் பெயின்ட் அடிக்கிற பெயின்டர், அதுக்கொரு குறுக்கு வழி கண்டுபிடிச்சிருந்தார். யாரோ தூக்கிப் போட்ட வாக்குவம் கிளீனர், மூடி போட்ட காலி பெயின்ட் வாளி, பாத்ரூம் பைப்புத் துண்டு. காத்து வாளிக்குள்ள சுத்திச் சுத்தி வரும், தூளெல்லாம் அடியில விழுந்துரும். அவ்வளவுதான் வித்தை.

டிரைவரும் அதே மாதிரி செஞ்சார். அதே பைப்பு, அதே அளவு வாளி. வாளியே பெயின்டர் கொடுத்ததுதான். ஆனா அங்க உறிஞ்சுது, இங்க உறுமுது.

டிரைவருக்கு இந்த வயித்தெரிச்சல் புதுசில்ல. சகலை வாங்கின மிக்ஸி சத்தமே போடலைன்னு கேள்விப்பட்டதும், தன் வீட்டு மிக்ஸிக்கு அடியில தலையணையை வச்சு ஓட்டினவர். தலையணை தீஞ்சு, தெருவே மூக்கைப் பிடிச்சுது. அது கிடக்கட்டும், தூசிக்கு வருவோம்.

நேத்து பெயின்டர் வந்து எட்டிப் பார்த்தார். "அண்ணா, அந்த மூடியை ஒரு தடவை..."

"எல்லாம் எனக்குத் தெரியும் தம்பி. நீங்க போய்ச் சுண்ணாம்பு அடிங்க."

பெயின்டர் சிரிச்சுக்கிட்டே போயிட்டார். அந்தச் சிரிப்பை நினைச்சு நினைச்சே டிரைவருக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

காலையில எழுந்ததும் தொட்டில் காலுக்கு ஆணி வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போனார். கடைக்காரர் ஆணி கேட்டா மாமியார் கதை சொல்ற ஆளு. மாமியார் கீழ விழுந்தது, எழுந்தது, திரும்ப விழுந்தது எல்லாம் சொல்லி முடிச்சிட்டு, டிரைவரோட தூசிப் புலம்பலையும் கேட்டுட்டுக் கேட்டார்.

"வாளி மூடிக்கு உள்ள ரப்பர் வளையம் எப்படி இருக்கு?"

"அது அங்கங்க வெடிச்சிருக்கு. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? காத்தெல்லாம் அந்த வெடிப்பு வழியா வந்துரும். அப்புறம் தூளை இழுக்கத் தெம்பு ஏது?"

"அப்ப ஒரு ரப்பர் கொடுங்க."

"தனியா வராதுங்க. புது வாளி பெயின்ட்டோட வாங்கணும்."

டிரைவருக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. ஓஹோ! இந்தச் சகலை நல்ல ரப்பரைத் தனக்கு வச்சுக்கிட்டு, வெடிச்சதை என் தலையில கட்டிட்டானா? என் பொண்டாட்டிகிட்ட நல்ல பேர் வாங்க இப்படி ஒரு வழியா?

ஆணிப் பையும் கையுமா நேரா பெயின்டர் வீட்டுக்கு நடையைக் கட்டினார். பெயின்டர் வேலைக்குப் போயிருப்பார். ரப்பரை உருவிட்டு வந்துட்டா யாருக்குத் தெரியும்? ஞாயித்துக்கிழமை அவன் பட்டறை நாறட்டும். என் பொண்டாட்டி வந்து பார்க்கட்டும்.

வீட்டு ஓரமா இருந்த பட்டறைக்குள்ள பூனை மாதிரி நுழைஞ்சார். அங்க மாட்டியிருந்த பெயின்டரோட ஸ்க்ரூடிரைவரையே எடுத்து வாளி மூடியை நெம்பினார். மூடி டப்புன்னு கழண்டுச்சு.

உள்ள ரப்பரைக் காணோம். வெறும் பள்ளம்தான் இருந்துச்சு.

'அடப்பாவி! நான் வருவேன்னு தெரிஞ்சு முன்னாடியே ஒளிச்சு வச்சுட்டானே!'

"அத்தான்?"

டிரைவர் கையில மூடியோட அப்படியே உறைஞ்சு போனார். வாசல்ல மச்சினிச்சி நிக்கிறா, முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு.

"இல்லம்மா... சும்மா... இந்தப் பக்கமா வந்தேன்..."

"கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"எதை?"

"நடிக்காதீங்க அத்தான். உங்க வாளி ரப்பர் வெடிச்சிருக்குன்னு நேத்துதான் பார்த்தாராம். தெரியாம கொடுத்துட்டேனேன்னு ராத்திரியெல்லாம் புலம்பல். காலையில நீங்க கடைக்குப் போன நேரமா பார்த்து, எங்க ரப்பரைக் கழட்டிக் கொண்டு போய் உங்க வாளியில மாட்டிட்டுத்தான் வேலைக்குப் போனார். இங்க இனி தூசி பறக்குமேன்னேன். 'நமக்கென்ன, கைக்குழந்தையா வருது? அண்ணனே சரி பண்ணினார்னு அக்கா நினைச்சுக்கட்டும், நீ வாயைத் திறக்காதே'ன்னுட்டார்."

டிரைவர் மூடியைத் திரும்ப வாளி மேல வச்சு அமுக்கினார்.

மச்சினிச்சி அவர் கையில இருந்த பையையும் ஸ்க்ரூடிரைவரையும் பார்த்துச் சிரிச்சா.

"நான் அப்பவே சொன்னேன், அத்தான் ரோஷக்காரர், தெரிஞ்சா அடுத்த நிமிஷம் ரப்பரைத் திருப்பிக் கொண்டுவந்து மாட்டிருவார்னு... சொன்ன மாதிரியே வந்து நிக்கிறீங்க பாருங்க!"