குளிருது

பழைய கார் ஒன்றின் இன்ஜினில் சூடு பார்த்துச் சொல்ல ஒரு சென்சார் இருந்தது. பார்ப்பதை அது எப்போதோ விட்டுவிட்டது. சுற்றிலும் தண்ணீர் கொதித்தாலும் "குளிருது" என்றே சொல்லும். உடனே குளிர் போக்க இன்ஜினுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் போகும். இன்ஜினுக்கு ஒரே குஷி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரின் சொந்தக்காரர் செல்வின் அந்தச் சென்சாரை மாற்ற வீட்டு வாசலிலேயே உட்கார்ந்தார். ஸ்பேனர் எவ்வளவு திருகியும் சென்சார் அசையவில்லை.

"பிடிவாதம் பிடிக்காதே, தலை உடைஞ்சிடும்!" என்று கத்தியது ஸ்பேனர்.

"நான் எங்கேய்யா பிடிச்சேன்? இவன்தான் விடமாட்டேங்கிறான்," என்றது சென்சார்.

"உங்களை மாதிரி நல்லவங்க கிடைப்பாங்களா?" என்று இன்ஜின் சென்சாரை இன்னும் இறுக்கிக்கொண்டது.

செல்வின் யோசித்து, வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். சென்சார் கடைசியாக ஒருமுறை "குளிருது" என்றது. இன்ஜின் வயிறு முட்டக் குடித்து, சூடாகி, அந்தச் சுகத்தில் பிடியைத் தளர்த்தியது. ஸ்பேனர் சட்டென்று சென்சாரைக் கழற்றிவிட்டது.

புதுசு ஏறி உட்கார்ந்ததும் "சூடு" என்றது. இன்ஜின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

பழைய சென்சார் சிமெண்ட் தரையில் உருண்டு போய்க் கிடந்தது. மேலே காற்று பட்டது.

"அப்பாடா, குளிருது!" என்றது.

இந்த முறை அதற்கு நிஜமாகவே குளிர்ந்தது.