வாய் திறக்காத பாட்டு

"எங்க பொண்ணு வாயை யாரு டீச்சர் தைச்சு அனுப்பினது?"

கைப்பையை மேஜைமேல் தொப்பென்று போட்டுவிட்டுத்தான் கேட்டாள் அம்மா.

கீபோர்டு ஒயரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பாட்டு டீச்சர் நிமிர்ந்தாள். "உட்காருங்க."

"உட்கார வரல. சனிக்கிழமை ஆண்டு விழா. எங்க நாத்தனார் குடும்பத்தையே கூப்பிட்டிருக்கேன். எங்க வாயாடிதான் நடுவுல நின்னு பாடப் போறான்னு ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லியாச்சு. பாடிக் காட்டுடின்னா, உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு ம்ம்ம், ம்ம்ம்ங்கறா. பல்லுவலியோன்னு டாக்டர்கிட்டகூடக் காட்டிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"பல்லெல்லாம் பத்திரமா இருக்காம். வாய்தான் கொஞ்சம் பெரிசுன்னார்."

'ஒரு வாரமா வீடு நிம்மதியா இருக்கு, ஏன் போய்க் கெடுக்கறே' என்று வீட்டுக்காரர் தடுத்துப் பார்த்ததை மட்டும் அவள் சொல்லவில்லை.

டீச்சர் பெருமூச்சு விட்டாள். "உங்க பொண்ணு மட்டும் இல்லீங்க. அவதான் ஆரம்பிச்சது, மொத்த வகுப்பும் பின்னாலயே போயிடுச்சு. ஏண்டான்னு கேட்டா, அதுக்கும் ம்ம்தான். பெரிய டீச்சர் வந்து எட்டிப் பார்த்துட்டு, 'பாட்டுச் சொல்லிக் குடுக்கறீங்களா, தேனீ வளர்க்கறீங்களா'ன்னு கேட்டுட்டுப் போறாங்க."

"வரி மறந்துபோச்சோ?"

"ரெண்டே வரி. 'யாரு வந்தாலும் இடம் உண்டு, எங்க பாட்டிலே இடம் உண்டு.' தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"அடடா, கேட்டாலே கண்ணு கலங்குது. அந்த வரியைப் போயா முழுங்கறாங்க? நான் இவ குரலை எப்படிப் பொத்திப் பொத்திக் காப்பாத்தறேன் தெரியுமா? ஐஸ் கிடையாது. மழையில விடறதில்ல. கண்டவங்ககூடப் பழக விடறதில்ல, பேச்சே கெட்டுப்போயிடும்."

"வாங்க, நீங்களே பாருங்க."

கீபோர்டையும் தூக்கிக்கொண்டு டீச்சர் முன்னால் நடந்தாள். பக்கத்து அறைதான் வகுப்பு. டீச்சர் கீபோர்டில் விரலை வைத்ததும் அத்தனை வாயும் பட்டென்று மூடிக்கொண்டது. கன்னங்கள் உப்பின. எழுந்தது பாருங்கள் ஒரு ரீங்காரம், தேன்கூடு தோற்றது. ஆனால் ராகம் ஒரு இடத்திலும் பிசகவில்லை.

நடுவில் வாயாடி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுருட்டைமுடிப் பையன். இருந்ததிலேயே அவன் சத்தம்தான் பெரிது. தலையும் தோளும் தனித்தனியாக ஆடின.

அம்மாவுக்குத் தெரிந்த முகம்தான். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களின் பிள்ளை.

"எங்கிருந்தோ தூரத்து நாட்டுலருந்து வந்திருக்காங்க," என்றாள் டீச்சர் மெதுவாக. "நம்ம பேச்சு ஒரு சொல்லு வராது. முதல் நாள் எல்லாரும் பாட ஆரம்பிச்சதும், போய் மூலையில சுவரைப் பார்த்து நின்னுட்டான். இப்பப் பாருங்க, என்ன ஆட்டம்... அட."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். விஷயம் அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

அம்மாவுக்கும் உறைத்தது. நாத்தனார் நினைப்பே மறந்துபோனது. பெற்ற வயிறு குளிர்ந்துபோய், டீச்சர் நன்றாகப் பார்க்கும்படி மகளின் தலையைத் தடவினாள்.

"அவனுக்கு வரி தெரியாதுன்னுதான் எல்லாரும் வாயை மூடிக்கிட்டீங்களா கண்ணு?"

"ம்ம்."

"என் தங்கம். பாவம் சின்னப் பிள்ளை, நீயே அவனுக்கு அந்த ரெண்டு வரியைச் சொல்லிக் குடுத்திருக்கலாமேடி? நாலு வீட்டுக்குச் சேர்த்துப் பேசறவதானே நீ?"

வாயாடி அம்மாவை ஆச்சரியமாகப் பார்த்தாள். அப்போதுதான் அந்த வாய் திறந்தது.

"எப்படிம்மா சொல்லிக் குடுக்கறது? எதிர்வீட்டுப் பையன்கூட ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாதுன்னு நீதானே சொன்னே? அதான் வார்த்தையே இல்லாம பாடறோம்."

டீச்சர் சட்டென்று குனிந்து, சிக்கே இல்லாத ஒயரைச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். "ம்ம்" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.