வேறு அறையில் தீ

"தம்பி, உங்க வீட்டம்மாவுக்குச் சமைக்கத் தெரியுமா, தெரியாதா?"

வேலை பார்க்கும் நகோயாவிலிருந்து மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும் கென்சாகுவை, வீட்டுக்காரர் குனிமத்சு மாடிப்படியிலேயே மறித்துக்கொண்டார்.

"ஏன் ஐயா, என்னாச்சு?"

"சட்டப்படி எல்லா வீட்டுலயும் புகை அலாரம் மாட்டியிருக்கேன். மத்த இடத்துல அது சும்மா தூங்குது. மாடியில மட்டும் வாரம் தவறாம அலறுது! ஓடிவந்து பார்த்தா, உங்க வீட்டுப் பாத்திரம் கழுவுற தொட்டியில கருகின சட்டி. இந்தக் கட்டடத்துல இதுவரைக்கும் ஒரு பொறிகூட விழுந்ததில்ல, தெரியுமா? கொஞ்சம் சொல்லி வைங்க."

கென்சாகுவுக்கு மானமே போயிற்று. அவன் மனைவி சயோகோ யார்? ஹமமத்சுவில் விலாங்கு மீன் சுட்டு விற்கிற கடைக்காரரின் மகள்! ஒரு ஓரம் கருகினாலும் அந்த மனிதர் தட்டில் வைக்க மாட்டார். அப்படிப்பட்டவர் மகளுடைய கைப்பக்குவத்தை ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தவன் அவன்.

வீட்டில் சாப்பாடு வழக்கம்போல அமிர்தமாக இருந்தது.

"சட்டியைக் கருக விடுறியாமே? போன்ல யாரோட அரட்டை?"

"வயசாகுதில்ல, மறதி" என்று சிரித்து மழுப்பினாள் சயோகோ.

அந்த நேரம் பார்த்துக் கூரையில் இருந்த அலாரம் கத்தியது.

"வேறு அறையில் தீ! வேறு அறையில் தீ!"

கென்சாகு துள்ளி எழுந்தான். இந்த அறையை விட்டால் அவர்களுக்கு இருப்பது இன்னும் ஒரே ஒரு அறைதான். எட்டிப் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை. அடுப்பும் அணைந்தே இருந்தது.

திரும்பினால் சயோகோவைக் காணோம். மறு நிமிடம், புகைகிற சட்டி ஒன்றை ஈரத்துணியில் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து ஓடிவந்தாள். அதைத் தங்கள் தொட்டியில் போட்டாள். ஜன்னலை அகலத் திறந்தாள்.

"ஏய், இது நம்ம சட்டியே இல்லையே!"

"ஐயோ, கத்தாதீங்க! பக்கத்து வீட்டு உபுகாதா பெரியவரோடது. அவருக்குக் காது சுத்தமா கேக்காது. அடுப்புல வச்சுட்டுக் கண்ணசந்துடுறார். அதான் அவர் வீட்டு அலாரமும் நம்ம அலாரமும் சேர்ந்து அடிக்கிற மாதிரி வாங்கி மாட்டினேன். அங்க புகைஞ்சா இங்க கத்தும். சாவி என்கிட்ட இருக்கு."

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"நம்மளைன்னா திட்டிட்டு விட்டுடுவார். பெரியவரைன்னா உடனே காலி பண்ணச் சொல்லிடுவாருங்க. தனியா இருக்கிற எண்பது வயசுக்காரருக்கு இந்த ஊர்ல எவன் வீடு கொடுப்பான்? தானா அணையிற அடுப்புக்குச் சொல்லியிருக்கேன், ஞாயித்துக்கிழமை வந்துடும். அதுவரைக்கும் எனக்குச் சமைக்கத் தெரியாதுன்னே இருந்துட்டுப் போகட்டும்."

கதவு தடதடத்தது.

"மறுபடியுமா?" என்று உள்ளே நுழைந்த குனிமத்சுவின் கண் நேரே தொட்டிக்குப் போனது. அவருக்குப் பின்னால் கீழ்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சயோகோ மன்னிப்புக் கேட்கத் தலையைக் குனிந்தாள். கென்சாகு அவளை முந்திக்கொண்டு வந்து நின்றான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"ஆமாய்யா! என் பெண்டாட்டி மாதிரி சட்டியைக் கருக விட இந்த ஊர்லயே ஆள் கிடையாது!"