ஆல்பியின் இருமல்

சிரிப்பு வரும். கொஞ்சம் பொறுங்கள், முதலில் ஹாஸ்கின் பயப்பட வேண்டும்.

1966. அன்சாக் நாள், ஆஸ்திரேலியாவில் போர்வீரர்களை நினைக்கும் நாள். பனி விலகாத விடிகாலை. எங்கள் ஊர் முல்லவிராவின் போர் நினைவுக்கல்லுக்குப் பின்னால் நான் பதுங்கியிருந்தேன். முன்னால் ஊரே தலைகுனிந்து நிற்கிறது.

ஹெட்மிஸ்ட்ரஸ், பாதிரியார், காக்கட்டூ கிளி... எல்லார் குரலும் என் தொண்டையில் உண்டு. அன்றைக்கு ஒரு பேய்.

முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போனவர்களின் பெயரை நினைவுக்கல் கமிட்டித் தலைவர் ஹாஸ்கின் படிப்பார். ஒவ்வொன்றுக்கும் அந்தக் குடும்பத்தில் ஒருவர், "ஆஜர், சார்!" இருபத்திரண்டு பெயர். பிறகு ஒரு நிமிட மௌனம்.

அந்த மௌனத்தில் பேய் இருமினால்?

இருமலை அங்கிள் லெனியிடம் சுட்டேன். கல்லைச் சுற்றிப் புல் வெட்டுகிறவர். மூன்று வாரமாக, நான் பள்ளி விட்டு வரும்போதெல்லாம் இருமிக்கொண்டிருந்தார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை, கடைசியில் விசில்.

அவர் அப்பா ஆல்பியும் அந்தப் போருக்குப் போனவர்தான். பூர்வகுடி என்பதால் கல்லில் இடமில்லை. அங்கிள் வருஷா வருஷம் கேட்பார். "ரெக்கார்டுல பேர் இல்லையே, லெனி!" என்று ஹாஸ்கின் மூக்கால் பேசுவார்.

மௌனம் தொடங்கியது.

"க்ஹ்... க்ஹ்... க்ஹோஓஓ... வீய்ய்ய்... ஆஜர், சார்!"

யாரும் சிரிக்கவில்லை. ஹாஸ்கின் தாளை விட்டுக் கல்லைப் பார்த்தார்.

"ஆல்பி...?"

நான் பெயரே சொல்லவில்லையே!

"போர்ல என்னை முதுகுல தூக்கிட்டு வந்தப்போ குடிச்ச விஷப்புகைடா அது... நீ செத்துப் பத்து வருஷமாச்சே!" கிழவர் மண்டியிட்டார். "பட்டியல்ல உன் பேரை அடிச்சது நான்தான். செதுக்கிடறேன். இந்த வாரமே செதுக்கிடறேன்!"

ஊரே கேட்டது.

கூட்டம் கலைந்ததும் அங்கிள் நேராகக் கல்லுக்குப் பின்னால் வந்து, ஒரு ஓட்ஸ் பிஸ்கட்டை நீட்டினார்.

"வெளியே வா, வாலு. தொண்டை வலிக்குதா?"

"ஸாரி, அங்கிள். உங்க இருமலைத் திருடிட்டேன். நீங்க முதல்ல டாக்டரைப் பாருங்க."

வாய்விட்டுச் சிரித்தார். நீளமான சிரிப்பு. ஒரு கமறல்கூட இல்லை.

"எனக்கு ஏதும்மா இருமல்? அது எங்கப்பாவோடது."